துரை விட்டுப்போன படகு

தெருவில் ரோடு போடத் தார் காய்ச்சுகிறார்கள். அந்தப் புகை வாசலுக்கு வந்ததும் எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

நாற்பத்தேழில், சொந்த நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு துரையின் வாத்து வேட்டைப் படகை அப்பா வாங்கி, மாட்டுவண்டியில் அரியலூருக்குக் கொண்டுவந்தார். அடிப்பலகைகள் உளுத்துப் போயிருந்தன.

"குடிக்கவே தண்ணி இல்லாத ஊருல படகு எதுக்குங்க?" என்றாள் அம்மா.

 அப்பா ஒரு மாதம் ஆசாரியோடு கொல்லையிலேயே கிடந்தார். பலகை மாற்றி, இடுக்குகளில் தேங்காய் நாரைத் திணித்து, தார் பூசினார்கள். என் பாவாடையெல்லாம் தார்.

மார்கழியில், மழைக்கு நிரம்பிய பக்கத்துக் கரைவெட்டி ஏரியில் வாத்துகள் வந்திறங்கின. சித்தப்பா கழி ஊன்ற, அப்பா துப்பாக்கியோடு முன்னால் உட்கார்ந்தார். கேலி பேசிய அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாள்.

நடு ஏரியில் காலடியில் சில்லென்று தண்ணீர் ஏறியது. அம்மா முந்தானையைச் சுருட்டி ஓட்டையில் அழுத்தினாள். அப்பா துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுச் செம்பால் நீரை இறைத்தார். அந்த நேரம் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வாத்துகள் கைக்கெட்டும் தூரத்தில் நீந்திப் போயின.

"இப்ப சுடுங்களேன்" என்றாள் அம்மா.

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. சித்தப்பா சிரித்த சிரிப்பில் கழி நழுவிப் போனது. கைகளால் துழாவித்தான் கரை சேர்ந்தோம்.

மறுவாரம் அப்பா ஓட்டையை அடைத்துவிட்டு எங்களை மறுபடி ஏரிக்கு அழைத்துப் போனார்.

"துப்பாக்கிய எடுத்துக்கலையா?" என்று அம்மா கேட்டாள்.

"அது சும்மா எடத்தத்தான் அடைக்கும். நீ ஏறு" என்று அவளுக்குக் கை கொடுத்தார் அப்பா.