பட்டாபி இருந்த நொறுக்குத்தீனி விரதம்

பட்டாபிக்குச் சோறு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் நொறுங்குகிற மாதிரி ஏதாவது இருந்தாக வேண்டும். டில்லி கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். புசா ரோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், கடிக்க வேறொன்றும் கிடைக்காத பீரியடுகளில் பென்சிலைக் கடித்தார். அப்பாவைப் போலவே மத்திய அரசாங்கத்தில் சேர்ந்து, ஐம்பத்திரண்டு வயதில் செக்‌ஷன் ஆபீசராகவும் ஆகிவிட்டார். பென்சில் போய்த் தட்டை வந்தது, அவ்வளவுதான் முன்னேற்றம். துவாரகா ஃப்ளாட்டில் அவர் தட்டை தின்ன உட்கார்ந்தால் மேல்வீட்டுக்காரர்கள் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறார்கள் என்று அவர் மனைவி ரோஹிணி சொல்வாள். அது மிகைதான். ஆனால் ரொம்ப மிகையில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதருக்குச் சோதனை மகள் வாய் வழியாக வந்தது. மானசாவுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பற்கள் ராஜீவ் சௌக் மெட்ரோவில் ஏறுகிற ஜனங்களைப் போல, இடம் கிடைத்த பக்கம் ஏறி நின்றன. கோரைப்பல் ஒன்று கம்பியைப் பிடித்துத் தொங்குகிற ஆசாமி மாதிரி மேலே தனியாக நின்றது. பரீட்சை முடிந்த கையோடு, ஏப்ரலில், செக்டர் மார்க்கெட்டில் இருந்த டாக்டர் பிந்த்ராவிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த அம்மாள் விளக்கை வாய்க்குள் காட்டிப் பார்த்துவிட்டு, பதினெட்டு மாதம் கம்பி போட வேண்டும் என்றாள். பல்லுக்கு ஒன்றாகச் சின்ன உலோகப் பொட்டுகளை ஒட்டி, அவற்றின் ஊடே கம்பியை மாட்டி, ஒரு தாளையும் கையில் கொடுத்தாள். என்னென்ன தின்னக்கூடாது என்ற பட்டியல். பாப்கார்ன், சுட்ட சோளம், கஜக் என்கிற எள் மிட்டாய், கடலை மிட்டாய், ஐஸ் கட்டி.

பட்டாபி அதை ஆட்டோவிலேயே மூன்று தடவை படித்தார். சர்க்குலர் படிக்கிற கண்.

"இதுல தட்டை இல்லை, ரோஹிணி. முறுக்கும் இல்லை. குறிப்பிடாததைத் தடைன்னு எடுத்துக்க முடியாது."

"அதுல செங்கல்லும்தான் இல்லை. கடிச்சுப் பார்க்கறேளா?"

அன்று சாயங்காலமே ரோஹிணி சட்டம் போட்டுவிட்டாள். குழந்தை பார்த்துக்கொண்டிருக்க நாம் தின்றால் வயிற்றை வலிக்கும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கு. ஆகவே பதினெட்டு மாதத்துக்கு இந்த வீட்டு மனுஷாள் யாருக்கும், எங்கேயும், நொறுக்குத்தீனி கிடையாது.

"அப்பளாம்?" என்றார் பட்டாபி. குரல் கொஞ்சம் கம்மிற்று.

"அப்பளாமும்தான்."

"ரசஞ்சாதத்துக்குமா?"

"ஏன்னா, பெத்த பொண்ணுக்காக இதுகூடப் பண்ண மாட்டேளா?"

பெற்ற பெண் என்று சொன்ன பிறகு எந்தத் தகப்பன் பேசுவான்? பட்டாபி மகளின் தலையைத் தடவி, "அப்பாவும் உன்கூடத்தான் கண்ணா. நீ எப்போ திங்கறயோ அப்போதான் நானும்" என்று சத்தியமே செய்துவிட்டார். சொன்னபோது மனசார்த்தான் சொன்னார். அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மனசு பதினொரு நாள் தாங்கிற்று. பன்னிரண்டாம் நாள் ரசஞ்சாதம் சாப்பிடும்போது, பக்கத்தில் அப்பளம் இல்லாத அந்த வெற்றிடத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. ரசத்தில் மிளகு தூக்கல் என்று சொல்லிச் சமாளித்தார். ஆபீசிலாவது ஆசையைத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், அங்கே ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் பன்னிரண்டு கை நீளும். மிஞ்சுவது பொட்டலம் கட்டிய காகிதம்.

அப்போது கை கொடுத்தவர் மூன்றாம் மாடி மதலைமுத்து. பாளையங்கோட்டைக்காரர், விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை. அவர் மனைவி மார்கரெட் நர்ஸ். புருஷனுக்கு ரத்தக் கொதிப்பு என்று வீட்டில் எண்ணெய்ப் பலகாரத்தையே ஒழித்திருந்தார். ஆக, ஒரே பிளாக்கில் இரண்டு அகதிகள்.

"சார், ஊர்லருந்து தட்டை வந்திருக்கு. வீட்டுக்குக் கொண்டுபோனா மார்கரெட் என்னைக் கொன்னுருவா, பாத்துக்கிடுங்க" என்றார் மதலைமுத்து லிஃப்டில், கடத்தல் தங்கம் பற்றிப் பேசுகிற குரலில். "நீங்க வச்சுக்கிடுதியளா?"

பட்டாபி வைத்துக்கொண்டார். பால்கனியில் உயிர்போன இன்வெர்ட்டர் ஒன்று டிராலியோடு கிடந்தது. அதன் மூடிக்கு அடியில் டப்பா கச்சிதமாக உட்கார்ந்தது; தீரத் தீர ஊரிலிருந்து பார்சல் வந்தது. தின்கிற இடம் பேஸ்மெண்டில், தண்ணீர் பம்ப் அறைக்குப் பின்னால். மதலைமுத்துவின் காருக்குள் உட்கார்ந்து தின்றால் தூள் விழும், மார்கரெட் மோப்பம் பிடித்துவிடுவார். தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு, பட்டாபி 'வாக்கிங்' என்று கிளம்பிப் போவார். இரண்டு கனவான்கள், ஆளுக்கு மூன்று தட்டை, சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கடுக்மொடுக் என்று கடிப்பார்கள். பேச்சே கிடையாது. கோயிலில் பேசுவோமா?

மே மாதக் கடைசியில் சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் ஒரு தகவல் வந்தது. பி பிளாக் பேஸ்மெண்டில் பெரிய எலி. எதையோ கடித்துக் குதறும் சத்தத்தைக் காவலாளி தினமும் ஏழு மணிக்குக் கேட்கிறார். சத்தத்தைப் பார்த்தால் இரண்டு எலி இருக்கலாம். கார் வயர்கள் ஜாக்கிரதை. பட்டாபி பொறுப்பான குடிமகன். 'மிகவும் கவலைக்குரியது, உடனே நடவடிக்கை தேவை' என்று முதல் ஆளாகப் பதில் போட்டார். நடவடிக்கை மறுநாளே எடுத்தார்கள். பசை தடவிய அட்டைகளை இருட்டு மூலைகளில் வைத்துவிட்டுப் போனார்கள். அதில் அன்று சாயங்காலம் சிக்கியது பட்டாபியின் இடது செருப்பு. "ஏ சார், காலை உருவுங்க, செருப்பு போனாப் போவுது!" என்று மதலைமுத்து இழுத்த இழுப்பில் கால் மட்டும் வந்தது.

"என்னது, ஒத்தைச் செருப்போட வரேள்?" என்றாள் ரோஹிணி.

"இன்னொண்ணு லிஃப்ட் இடுக்குல விழுந்துடுத்து."

ரோஹிணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. குறுக்கு விசாரணையில் கெட்டிக்காரியான அவள் கேட்காமல் விட்டது பட்டாபிக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் தப்பித்தவன் ஏன் தப்பித்தோம் என்று ஆராய்ச்சி பண்ணுவானா?

இதற்கிடையில் ஜூனில் மானசாவின் பல்லிலிருந்து ஒரு பொட்டு கழன்றது. டாக்டர் மறுபடி ஒட்டினாள். என்ன தின்றாய் என்று கேட்டதற்கு மானசா டோஸ்ட் என்றாள். கோகுலாஷ்டமி முடிந்த வாரம் இன்னொன்று கழன்றது. அதற்கும் டோஸ்ட்தான். டாக்டர் பிந்த்ரா கையுறையைக் கழற்றிவிட்டு, "இன்னும் ஒரு தடவை கழன்றால் நாலு மாதம் கூடும், சொல்லிவிட்டேன்" என்றாள். பதினெட்டும் நாலும் இருபத்திரண்டு. வீட்டில் பிரெட்டைத் தடை செய்தார்கள்.

நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது, மேல் பல் ஒன்றில் பொட்டைக் காணோம். கம்பி மட்டும் அநாதையாகத் தொங்கியது. பொட்டு எங்கே என்றால் தெரியாது என்றாள். என்ன தின்றாய் என்றால் பேசவே இல்லை. ரோஹிணி கத்தித் தீர்த்தாள். "நாங்க ரெண்டு பேரும் உனக்காக வாயைக் கட்டிண்டு கிடக்கோம். உனக்கு மனசே இல்லையாடி?" மானசா தட்டைப் பார்த்தபடி தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பட்டாபியும் ஒரு தகப்பனுக்குரிய துக்கத்தோடு தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை காலை டாக்டரிடம் கிளம்பும்முன், மனசுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்று பட்டாபி பால்கனிக்குப் போய் இன்வெர்ட்டர் மூடியைத் தூக்கினார். டப்பாவில் மேலாகக் கிடந்தது பாதி கடித்த தட்டை. அவர் எதையும் பாதியில் விட்டதாகச் சரித்திரம் இல்லை. எடுத்துப் பார்த்தார். கடித்த விளிம்பில், கறிவேப்பிலைக்கும் கடலைப்பருப்புக்கும் நடுவில், ஒரு குட்டி உலோகப் பொட்டு மின்னியது.

பட்டாபி இன்வெர்ட்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பொட்டை மட்டும் பிடுங்கி, தரையில் கிடந்தது என்று சொல்லிவிடலாம் என்று முதலில் தோன்றியது. நகத்தால் நெம்பினார். பல்லில் நிற்காத பொட்டு தட்டையில் சிமெண்ட் போட்டது போல நின்றது.

"ஏன்னா, ஜல்தி! ஆட்டோ வந்தாச்சு!"

தட்டையைக் கைக்குட்டையில் சுற்றிப் பாண்ட் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். கிளினிக்கில் காத்திருந்த நேரம் முழுக்க, கையைப் பைக்குள் விட்டு நெம்பியபடியே இருந்தார். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாற்காலி மாறி உட்கார்ந்தாள்.

டாக்டர் பிந்த்ரா மானசாவின் வாய் முழுக்கத் தேடினாள். நாக்கின் அடியில், கன்னத்தின் உள்ளே, எங்கேயும் இல்லை. பிறகு ஹிந்தியில் மெல்லச் சொன்னாள்: "எங்கே போனது என்று குழந்தைக்குத் தெரியவில்லை என்றால், விழுங்கியிருக்கலாம். மூச்சுக்குழாயில் போயிருந்தால் ஆபத்து. எதற்கும் மார்பை எக்ஸ்ரே எடுத்துவிடலாம்."

ரோஹிணி "குருவாயூரப்பா!" என்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடகடவென்று கண்ணீர் கொட்டியது. பட்டாபி மகளைப் பார்த்தார். வாயைப் பிளந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்த மானசா, கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தாள். பொட்டு எங்கே இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் டப்பா வெளியே வரும், டப்பா வந்தால் அப்பா வெளியே வருவார். அதற்காக எக்ஸ்ரே மெஷின் முன்னால் போய் நிற்கக்கூட அந்தக் குழந்தை தயார். இது பட்டாபிக்குப் புரிந்தது. இருபத்திரண்டு மாதம் என்ன, ஆயுசு பூராவும் அப்பளம் இல்லாவிட்டால்தான் என்ன?

"டாக்டர் சாஹிப், எக்ஸ்ரே வேண்டாம்" என்று எழுந்தார். கைக்குட்டையைப் பிரித்து, பளபளக்கிற ஆயுதங்களுக்கு நடுவே, தட்டில் தட்டையை வைத்தார். "பொட்டு இதில் இருக்கிறது. பலகாரம் என்னுடையது. ஏழு மாதமாக ஒளித்து வைத்துத் தின்கிறேன். குழந்தை மேல் தப்பே இல்லை."

டாக்டர் இடுக்கியால் தட்டையைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொட்டு அசையவில்லை. அவளுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

"அச்சா! நீங்கள் சொன்ன ஆள்முழுங்கிப் பலகாரம் இதுதானா, ரோஹிணிஜி? செப்டம்பரில் உங்கள் கடைவாய்ப் பல்லை உடைத்தது?"

ரோஹிணியின் அழுகை பாதியில் நின்றது.

"அது... அது சீடை" என்றாள் மெல்ல.

பட்டாபி மெதுவாகத் திரும்பினார். "என்ன சீடை? கோகுலாஷ்டமிச் சீடையெல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாச்சுன்னயே?"

"கிருஷ்ணனுக்குப் பண்ணது. பிரசாதத்தை அப்படியே பூரா கொடுத்துடலாமா? நாலு எடுத்து வச்சேன்."

"நாலு இல்லை, அம்மா. டப்பா ஃபுல்லா இருந்தது" என்றாள் மானசா, நாற்காலியில் சாய்ந்தபடியே. "உளுத்தம்பருப்பு தூக்குக்குள்ள. அதுக்கு முன்னாடி, மே மாசத்துலேந்து, முறுக்கு இருந்தது. செகண்ட் டைம் க்ளிப் போனது உன் சீடையாலதான். ஃபர்ஸ்ட்டும் இதுவும் அப்பா."

டாக்டர் பிந்த்ரா முகமூடிக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, புதுப் பொட்டு ஒட்டினாள். சிரித்தாளே என்று நாலு மாதத்தைக் குறைக்கவில்லை.

ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கு ஒரு பக்கம் ரோட்டைப் பார்த்தார்கள். கடைசியில் பட்டாபிதான் ஆரம்பித்தார்.

"ஏண்டி கண்ணா, உனக்குத் தட்டைன்னா அவ்வளவு ஆசையா? அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எனக்குத் தட்டையே பிடிக்காதுப்பா. எப்பவுமே பிடிக்காது."

"பின்னே?"

"நீங்க பம்ப் ரூம் பின்னாடி போய் நிக்கறேள். அம்மா பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுண்டு சாப்பிடறா. இவ்வளவு ஒளிஞ்சு சாப்பிடற சாமான்ல அப்படி என்னதான் இருக்குன்னு பார்த்தேன்." தோளைக் குலுக்கினாள். "ஒண்ணும் இல்லை. சீடை அதைவிட பேக்கார், சுத்த வேஸ்ட்."

பட்டாபிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ரோஹிணிக்கும்தான். ஆனால் அவள் முதலில் சுதாரித்துக்கொண்டு, ஆட்டோக்காரரை மார்க்கெட் முனையில் நிறுத்தச் சொல்லி, ஒரு கட்டு அப்பளம் வாங்கிக்கொண்டு ஏறினாள்.

மத்தியானம் தட்டு நிறையப் பொரித்து நடுவில் வைத்தாள். மகள் எதிரே, ஏழு மாதத்துக்கப்புறம், பட்டாபி பகிரங்கமாக ஒரு அப்பளத்தை எடுத்து நொறுக்கினார். ரோஹிணியும் நொறுக்கினாள். மகள் ஏக்கமாகப் பார்ப்பாளோ என்று இருவரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். மானசா ரசஞ்சாதக் கிண்ணத்தையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"திங்கட்கிழமை எனக்கு டெஸ்ட். ரெண்டு பேரும் பேஸ்மெண்ட்ல போய்ச் சாப்பிடுங்கோ, ப்ளீஸ்" என்று சொல்லி, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.