ஓவில் முடியும் பெயர்கள்

முப்பத்தோரு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவரை எல்லோரும் 'மைக்' என்றுதான் கூப்பிட்டார்கள். டிக்கெட் கவுன்டருக்கு மேலே, கண்ணாடி போட்ட தீப்பெட்டி மாதிரி ஓர் அறை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்வது போக, தொலைந்துபோன பிள்ளைகளும் அவர் பொறுப்பு. அழுதுகொண்டு வரும் பிள்ளையை மேஜைமேல் உட்காரவைத்துப் பெயரைக் கேட்டு மைக்கில் சொல்வார். வாயை மூடி முடிகிற பெயர் கூட்டத்துக்குள் விழுந்துவிடும், வாய் திறந்தபடி முடிகிற பெயர் கடைசி நடைமேடை வரை போகும் என்பது அவர் கண்டுபிடிப்பு. சாப்பிடும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி மகளுக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தபோது, ஒருநாள் காலையில் மைக்கைப் போட்டார். வந்தது "ஓ..." மட்டும். கீழே பயணிகள் சிரித்தார்களாம். டிக்கெட் கொடுக்கிறவர் மாடிக்கு ஓடிப் பார்த்தபோது, மனிதர் நாற்காலியில் வலப்பக்கமாகச் சரிந்து கிடந்தார்.

பிழைத்துக்கொண்டார். பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின. பேச்சில் மிஞ்சியது அந்த ஓர் எழுத்து. அடுத்தவர் பேசுவது மட்டும் ஒன்றுவிடாமல் புரிந்தது, அதுதான் கொடுமை. தலையாட்டலாம் என்றால், இல்லை என்று நினைத்து ஆட்டுவார், தலை ஆமாம் என்று ஆடும். தண்ணீருக்கும் ஓ, கொசுவுக்கும் ஓ, மனைவி சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டாலும் ஓ.

அப்போதுதான் மகளுக்குப் பையன் பிறந்தான். பத்தாம் நாள் அவள் ஒரு நோட்டோடு கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க கூப்பிடுற மாதிரியே பேர் வைக்கப் போறேன். எல்லாம் ஓல முடியுற பேரு. உலகம் பூரா சலிச்சுட்டேன்."

"ஐயோ கூட ஓலதான்டி முடியுது. அதையே வச்சிடு" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

மகள் சிரித்துவிட்டு வாசித்தாள். இத்தாலிக்காரர்களின் மார்கோ, ஸ்பெயினின் மாத்தேயோ, ஜப்பானின் மகோட்டோ, பின்லாந்தின் எய்னோ, ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து தாபோ.

"தாபோன்னா சந்தோஷமாம்ப்பா. இது இன்னும் நல்லாருக்கு, மீரோ. சமாதானம்னு அர்த்தத்துல வருது."

அவருக்கு முதலில் பெருமையாக இருந்தது. தனக்காக இப்படித் தேடியிருக்கிறாளே! அடுத்த கணமே பயம் வந்தது. தன் வாயிலிருந்து வருவது முக்கலும் முனகலும்தான். அத்தனையும் அந்தப் பிள்ளையின் பெயராகிவிடாதா? வலித்துக் கத்தினால்கூட அவனைக் கூப்பிட்டதாகத்தானே ஆகும்? வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"ஓ!"

"பிடிச்சிருக்கு! அம்மா, பாரேன்!"

"ஓ! ஓ!" என்று இடது கையால் நோட்டை ஓங்கி அடித்தார்.

"கைகூடத் தட்டுறாரும்மா!"

மறுநாள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் விட்டுப்போன சிலேட்டை இடது கையால் மடிக்கு இழுத்தார். பழகாத கை. சாக்பீஸ் விரலுக்குள் நிற்கவில்லை. மூன்று காலைப்பொழுதுகள் போராடி, கோணலும் மாணலுமாக ஓர் எழுத்தைக் கொண்டுவந்தார்: வே. அடுத்த எழுத்துக்குள் கை துவண்டு சிலேட்டு நழுவியது. மனைவி எடுத்துப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"வேணும்னு எழுத வந்திருக்கார்டி. பாவம், மனுஷனுக்கு எவ்வளவு ஆசை!"

அன்று மத்தியானமே மருமகன் பதிவு அலுவலகத்துக்குப் போய் 'மீரோ' என்று பதிந்துவிட்டு வந்தான். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூக்கம் என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார்கள்.

அவர் பயந்தபடியே ஆயிற்று. பேரன் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து, இவர் ஓ என்றால் அவன் ஓடிவந்தான். படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடத் திருப்பும்போது இவர் அலறுவார். அவன் வாயில் சோற்றோடு, ஒரு காலில் செருப்போடு வந்து நிற்பான். "வந்துட்டேன் தாத்தா, வந்துட்டேன்" என்று விரலைப் பிடித்துக்கொண்டு தானும் அழுவான். எத்தனை முறை தூக்கிக்கொண்டு போனாலும் அடுத்த ஓவுக்குத் திரும்பி வருவான்.

அதனால் அவர் கத்துவதை விட்டுவிட்டார். திருப்பும்போது தலையணை உறையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

"இப்பல்லாம் வலி இல்லை போல, சத்தமே போடுறதில்ல" என்று மனைவி சந்தோஷமாக டாக்டரிடம் சொன்னாள். டாக்டரும் வலி மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார்.

ஒரு சாயங்காலம் பேரன் வாசலருகே உட்கார்ந்து, இரண்டு காலையும் ஒரே சட்டைக் கைக்குள் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்க்கப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்தது. வலி ஏதுமில்லாமல், வெறும் ஆசையில், முதல்முறையாக அவனைக் கூப்பிட்டார்.

"ஓ..."

அவன் சட்டையை இழுத்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தான். முகம் சுருங்கியிருந்தது.

"எங்க தாத்தா வலிக்குது?"

எங்கும் வலிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அவன் இவர் முழங்காலைத் தேய்க்கத் தொடங்கினான். அது உணர்ச்சியில்லாத கால். அவர் தேய்க்க விட்டார்.