ஆளில்லாத ஃபோல்டர்

அக்காவுக்குக் கம்பைலரில் வேலை. மனிதர்கள் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரிகிறபடி மாற்றித் தருகிற மென்பொருள் அது. கோப்பைத் திறப்பதற்குக்கூட ஒவ்வொரு இயங்குதளமும் ஒவ்வொரு விதமாக அடம் பிடிக்கும். இருபது வருடமாகப் பலபேர் 'இந்தத் தளம் என்றால் இப்படிச் செய்' என்று கண்ட இடத்தில் செருகிவைத்திருந்ததையெல்லாம், தளத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து அடுக்கியவள் அவள்தான். வீட்டில் அவளுடைய சாக்ஸ் ஜோடி சேராது. அது வேறு விஷயம்.

அடுக்கி முடித்ததும் கறாராக ஒரு விதி போட்டாள்: சோதித்துப் பார்க்க ஆளில்லாத ஃபோல்டர் நீக்கப்படும். முதலில் மாட்டியது ஒரு பழைய தளம். அதற்கான பதிப்பை ஒருவர்கூடப் பதிவிறக்கவில்லை. வெள்ளிக்கிழமை நீக்குவதாக அறிவித்துவிட்டாள்.

எனக்குப் பார்வை கிடையாது. பதிப்பகத்துக்கு வரும் நாவல்களைப் படித்து அபிப்பிராயம் சொல்வது என் பிழைப்பு. திரையில் இருப்பதை எனக்குப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஓடுவது அந்தப் பழைய தளத்தில்தான், அதுவும் அக்காவின் கம்பைலரை வைத்து. கம்பைலரின் புதிய பதிப்பை எப்போதும் அக்காவே கொண்டுவந்து போட்டுவிடுவாள். நான் எதையும் பதிவிறக்கியதே இல்லை. அவளுடைய அறிவிப்பையும் அந்த மென்பொருள்தான் எனக்குப் படித்தது. சுருக்கென்று தைத்தது.

"ஒருத்தர்கூட இல்லன்னு எழுதியிருக்கியே, அப்ப நான் யாருக்கா?"

"ஐயோ... உன்ன எண்ணவே இல்லடா. நீ வீட்டு ஆளாச்சே!"

அன்றே அறிவிப்பைத் திரும்பப் பெற்றுச் சோதிப்பவனாக என்னைப் போட்டாள். "தம்பின்னு சலுகையெல்லாம் கிடையாது. வாராவாரம் ஓட்டிப் பாத்துச் சொல்லணும்."

முதல் சோதனையிலேயே என் கணினி ஊமையாகிவிட்டது. பிரித்து அடுக்கியபோது ஒலிக்கான சில வரிகள் வேறெந்த ஃபோல்டருக்கோ போயிருந்தன. பழைய பதிப்பின் மேலேயே புதியதைப் போட்டிருந்ததால் பின்வாங்கவும் வழியில்லை. கையில் பாதி நாவல் நின்றது.

அக்கா விடுப்புப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பிழையைத் தேடுவாள், கொஞ்ச நேரம் நாவலைப் படித்துக் காட்டுவாள். படிப்பு படுமோசம். வில்லனுக்கும் காதலிக்கும் ஒரே குரல். நடுநடுவே எழுத்தாளருக்கு வசவு. எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் திருத்தியதைப் போட்டு, என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினாள். "சத்தம் வருதாடா?"

தெளிவாக வந்தது.

"இன்னும் இல்லக்கா. நீயே படி."

ஒலி வருவது திரையில் அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டதாம். அதை மறுநாள்தான் சொன்னாள். அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த அத்தியாயத்தை ஆரம்பித்தாள்.