இடப்பக்கக் கதவுக் கண்ணாடி

சித்தூரில் வாடகைக் கார் ஓட்டும் உமாபதி, நகரியில் நெசவுக் குடும்பமொன்றில் பிறந்தவர். விசைத்தறி இரைச்சலால் காது மந்தமானதும் தறியை விட்டுவிட்டுப் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கினார். கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்கும் வண்டி அது.

வாரந்தோறும் அவ்வண்டியின் இடப்பக்க இருக்கையில் அவர் மனைவி தாட்சாயணி திருப்பதிக்குப் போய்வந்தார். வயிற்றில் புற்று. மருத்துவமனையில் ஊசி போடுவதற்கு முன் இரண்டு மாத்திரைகள் விழுங்க வேண்டும். மாத்திரையும் ஊசியும் சேர்ந்தால்தான் பலன் என்பது மருத்துவர் சொல். போகும் வழியில் பூதலப்பட்டுத் தேநீர்க் கடையருகே வண்டியை நிறுத்தி, மாத்திரைகளை மனைவியின் உள்ளங்கையில் வைத்து, தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, உமாபதி தேநீர் குடிக்க இறங்குவார்.

ஒரு வாரம் மருத்துவர், கட்டி சுருங்கவேயில்லை என்றார். திரும்பும் வழியெல்லாம் உமாபதி அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். சந்திரகிரி தாண்டியதும் தாட்சாயணி தம் பக்கக் கண்ணாடியை இறக்க முயன்றார். சில மாதங்களாக இறுகிக்கொண்டே வந்த கைப்பிடி, அன்று அசையவேயில்லை.

“இதையாச்சும் சரி பண்ணு. மூச்சு முட்டுது.”

மறுநாள் மெக்கானிக் ஆதிகேசவன் கைப்பிடியைக் கழற்றி, கதவின் உட்பலகையைப் பிரித்து, உள்ளே விளக்கடித்துப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாண்ணா, கதவுக்குள்ள மெடிக்கல் ஷாப்பு வெச்சிக்கினு கீற?”

கதவின் அடியில் மழைநீரில் கரைந்த வெள்ளை மாவு இறுகி, தண்ணீர் வடியும் துளைகளை அடைத்திருந்தது. தேங்கிய நீரால் கண்ணாடியைத் தூக்கும் கம்பி துருப்பிடித்திருந்தது. மாவின்மேல் முழு மாத்திரைகள் சில கிடந்தன. கண்ணாடிக்கும் ரப்பருக்கும் இடையிலுள்ள இடுக்கின் வழியே விழுந்தவை அவை.

உமாபதி சிரிக்காததைக் கண்ட ஆதிகேசவன் வேலையில் இறங்கினார். துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, துளைகளைக் குத்தித் திறந்தார். கைப்பிடி ஒரே விரலுக்குச் சுழன்றது.

வீட்டில் உமாபதி ஒரு மாத்திரையை மனைவியின் முன் வைத்தார்.

“இன்னாமே இது?”

“அத துன்னா வர வழியெல்லாம் வாந்தி. நீ வண்டிய ஓரங்கட்டி, உன் துண்டால என் வாயத் தொடச்சிவுடுவ. அப்போ உன் மூஞ்சி எப்டி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.”

“அதுக்குன்னு?”

“ரெண்டு வாட்டி துன்னு பாத்தேன். போதும்னு வுட்டுட்டேன்.”

“டாக்டர வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு வந்தேனே, அப்பவாச்சும் சொல்லக்கூடாதா?”

“திட்டிக்கினாவது வரட்டும்னு இருந்தேன். நீ அழுவறதுக்கு அது மேலு.”

அடுத்த வாரமும் பூதலப்பட்டில் வண்டி நின்றது. உமாபதி மாத்திரைகளைத் தாட்சாயணியின் கையில் வைத்தார். தண்ணீர்ப் பாட்டிலை மடியில் வைத்தார். தேநீருக்கு இறங்கவில்லை.

“வேணான்னா வெளில போட்டுடு. கதவுக்குள்ள போடாத.”

சொல்லிவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தாட்சாயணி கைப்பிடியைச் சுற்றினார். கண்ணாடி ஓசையின்றி இறங்கியது.

“எவ்ளோ லேசா போவுது” என்றார்.

அவர் கை வெளியே நீண்டது. திரும்பி வந்தபோது உள்ளங்கையில் ஒன்றுமில்லை.

உமாபதி தம் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினார். பிறகு வண்டியைக் கிளப்பிச் சித்தூர்ப் பக்கமாகத் திருப்பினார்.

“ஊசி?” என்றார் தாட்சாயணி.

“காத்து நல்லா வருதா பாரு” என்றார் உமாபதி.