அவள் அடைத்த ஓட்டைகள்

இதை எழுதும்போதும் கோபம் ஆறவில்லை.

எங்கள் வீட்டில் பட்டுத் தறி. நாற்பது வருஷமாக இழை சுற்றியிருக்கிறேன், அறுந்ததைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் சேலை என்றால் அது என் வீட்டுக்காரர் நெய்தது. முதலிலிருந்து முடிவுவரை என் கையாலேயே ஆன ஒரு துணி வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மெல்லிய கம்பளி நூலில், இரண்டு நீள ஊசிகளால் பின்னுகிற லேஸ் சால்வை.

இலை டிசைன், கட்டம் போட்ட காகிதத்தில் இருந்தது. அஞ்சாவது படித்தவளுக்கு எண்ணத் தெரியாதா? ஆனால் ஊசியில் ஒரு கண்ணி, ஒரே ஒரு நூல் வளையம், தவறினால் இலை கோணிக்கொள்ளும். நாலு முறை பிரித்தேன். ஐந்தாம் முறைதான் இலை இலையாக விழுந்தது. ஓட்டைகள்தான் அந்த இலைக்கு உருவம்.

சால்வை பாதி வளர்ந்திருந்தபோது தென்னேரிக்கு ஒரு வளைகாப்புக்குப் போய் இரண்டு நாள் தங்கினேன். திரும்பி வந்து விரித்தால் இலையைக் காணோம். வெறும் துணி.

பக்கத்து அறையில் இருக்கும் மூத்த ஓரகத்தி சிரித்துக்கொண்டே வந்தாள்.

“இன்னாமா, எலி கடிச்ச மாதிரி அம்மாம் ஓட்டை வுட்டு வச்சிருந்தே! மீந்த நூலை வச்சி அடைச்சிக்கினே இருந்தேன். முதுகே போச்சி.”

நெசவு வீட்டில் ஓட்டையைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. அதுவும் அவள் கை. அடைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

“அண்ணி வேலைன்னா சும்மாவா?” என்றார் என் வீட்டுக்காரர், தறியிலிருந்தபடியே.

என் மகளுக்குப் பெயர் வைத்தவளும் இவள்தான். நான் மனதில் வைத்திருந்த பெயர் வேறு. அன்றைக்கும் “சரிக்கா” என்றுதான் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அதையே சொல்லி வந்தவள் நான்.

“ஓட்டைதான் டிசைனுக்கா,” என்றேன்.

“அத்தச் சொல்லியிருக்கலாம் இல்ல?”

“நீ கேட்டியா?”

தறி நின்றது. என் குரல் அவ்வளவு பெரிதென்று எனக்கே தெரியாது.

“உக்காரு. எங்கெங்க அடைச்சியோ காட்டு.”

உட்கார்ந்தாள். அவள் விரல் வைத்த இடத்தில் அடைத்த நூலை நான் வெட்டினேன். வெட்டியதில் என் கண்ணியும் சேர்ந்து அறுந்தது. ஊசியை உருவி, வரிசை வரிசையாகப் பிரித்தேன். சுருள் சுருளாக நூல் அவள் மடியில் விழுந்தது.

“போதும்மா, பாக்கவே வயிறு எரியுது,” என்றாள்.

“இன்னும் இருக்குது,” என்றேன். “காட்டு.”