நாகராசா அண்ணையும் ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்த தும்பும்

நாகராசா அண்ணை போய்விட்டாராம். காலையில் சல்லிக் கிராமத்திலிருந்து அவருடைய மருமகன் போன் பண்ணினார்.

போனை வைத்தேன். பிளேன்டீ ஊற்றினேன். குடித்தேன். கப்பைக் கழுவினேன். அழுகை ஒன்றும் வரவில்லை...

திருகோணமலையில் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டில் ஒரு ரேடியோக் கடை. எழுபதுகளில் நானும் அவரும் அங்கே ஒரே மேசையில் வேலை. நான் பெட்டி அடிப்பேன், மூடுவேன். அவர் உள்ளே தும்பு வைப்பார்.

ஸ்பீக்கரை வெறும் பலகைப் பெட்டிக்குள் பூட்டினால், குடத்துக்குள் தலையை விட்டுக் கதைக்கிற மாதிரித்தான் சத்தம் வரும். உள்ளே தென்னந்தும்பு, சாக்கு, இலவம் பஞ்சு ஏதாவது வைத்தால் அடங்கும். கூட வைத்தால் பாட்டே செத்துவிடும். அந்த அளவு அண்ணைக்குத்தான் தெரியும்.

ஒருமுறை பஞ்சு தட்டுப்பாடு. வீட்டுத் தலையணையை அறுத்துக் கொண்டுவந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி ராணி அக்கா, கடை வாசலில்.

"எங்க என்ர தலையணி?"

"பெட்டிக்குள்ள. பாட்டுக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கு."

"அப்ப நீங்களும் இண்டைக்கு அதுக்குள்ளயே படுங்கோ!"

அந்த அக்காவின் நண்டுக் குழம்பு இருக்கிறதே... சரி, அது வேறு கதை.

அண்ணைக்குக் காது கேட்காது. கடைக்கு வரமுதல் பல வருடம் கப்பல்களில் துரு தட்டிய மனிதர். நாள் முழுக்க இரும்பில் சுத்தியல். முகம் பார்த்துக் கதைத்தால் சமாளிப்பார். கடையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாட்டைப் போட்டுவிட்டு உள்ளங்கையைப் பலகையில் வைப்பார். எங்கே நடுங்குகிறதோ அங்கே தும்பு.

முதலாளி பின்னால் நின்று கூப்பிட்டால், நான் மேசைக்கு அடியில் அவர் காலைத் தட்டுவேன். தெரிந்தால் வேலை போய்விடும். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

பிறகு கிண்ணியா ஹாஜியார் சொல்லிச் செய்வித்த பெட்டி. பின்பலகையை மூடும் அவசரத்தில் ஒரு ஸ்குரூ ஆணி உள்ளே விழுந்துவிட்டது. என் கையிலிருந்துதான். கிடக்கட்டும் என்று மூடிவிட்டேன்.

ஹாஜியார் வந்து பாட்டைப் போடச் சொன்னார். கிர்ர்ர்...

"என்ன தம்பி, உள்ளுக்கு வண்டு கிண்டு கிடக்கா?"

கடையே சிரித்தது. அண்ணை பலகையில் கையை வைத்தபடி, "எல்லாம் சரியாத்தான் கிடக்கு முதலாளி" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"மூடினது நான்" என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை.

முதலாளி அண்ணையின் முதுகுக்குப் பின்னால் போனார். "நாகராசா" என்றார். திரும்பவும், "நாகராசா."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கால் அசையவில்லை...

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டார்கள்.

ஒரு கிழமை கழித்து சல்லிக்குப் போனேன். முற்றத்தில் குனிந்து வலை தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்து, "ஆணிய விட்டது நான்தான் அண்ணை" என்றேன். குசினியில் அக்கா சமைத்துக்கொண்டிருந்தார். அதனால் மெதுவாகத்தான் சொன்னேன்.

"ஓம் ஓம்" என்றார், வலையைப் பார்த்தபடி. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

பிறகு எத்தனையோ தரம் கண்டோம். மழை, மீன், பிள்ளைகளின் கலியாணம்... எல்லாம் கதைத்தோம். உரத்துச் சொல்ல எனக்கு ஏலவில்லை.

பின்னேரம் செத்த வீட்டுக்குச் சல்லிக்குப் போகவேணும். ராணி அக்காவுக்கு இப்போதும் காது நன்றாகக் கேட்கும்.

போயிட்டு வாங்கோ அண்ணை.