டிரான்ஸ்பார்மரில் என் பங்கு

கரிசல் வெயிலை இனியும் வீணாக்க வேண்டாமென்று, மாடிக்கு சோலார் போட இன்று கடைக்குப் போனேன்.

"ஒங்க தெரு டிரான்ஸ்பார்மர் தாங்காதும்மா. தீப்பெட்டிக் கம்பெனி அண்ணாச்சி முந்தியே பெரிய சோலாரா போட்டு, அதுல இருந்த எடத்தைப் பூரா பிடிச்சிட்டாவ. கரண்டு ஆபீஸ்ல ஒங்க மனுவைத் தள்ளிருவாவ," என்றார் கடைக்காரர்.

மின்சார விதிமுறையை அச்செடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன்.

"இங்கிலீஷ்லல்லா இருக்கு?"

"நான் வாசிக்கேன். நீங்க கேளுங்க."

வீட்டளவு சோலாருக்கு டிரான்ஸ்பார்மரைப் பலப்படுத்துவது மின்வாரியத்தின் பொறுப்பு, செலவும் அவர்களுடையதே என்று அதில் இருக்கிறது.

கேட்டுவிட்டு, மனுவைக் கணினியில் பதிந்தார். ஏற்றுக்கொண்டதாக என் கைபேசிக்குச் செய்தி வந்தது.

"இது தெரியாம நாலு பேரைத் திருப்பி அனுப்பிட்டேனேம்மா!"

அந்த நால்வரும் நாளை பத்து மணிக்குக் கடைக்கு வரலாம். தாமதமாக வருபவர்களுக்கு நான் திரும்ப வாசிப்பதில்லை.